‘எர்த்து’ என்று எனக்குப் பேர் விழுந்த கதை

புதிதாகக் கரண்டுக் கம்பம் ஏற வந்திருக்கும் தம்பிகளுக்கும், உங்களோடு வந்திருக்கும் இரண்டொரு தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். என்ன எழுதுவது என்று என் வீட்டுக்காரியிடம் யோசனை கேட்டேன். "நீங்க எதுக்கெல்லாம் பயந்தீகளோ அத எழுதுங்க, ஒரு புஸ்தகமே வரும்" என்றாள். இத்தனை வருஷம் கூட இருந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் பயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கரண்டைக் கண்டு பயப்படுவதைப் பற்றி இல்லை. அந்தப் பயம் உங்களுக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. நாலு பேர் ஒரு மாதிரி நிற்கும்போது நாம் மட்டும் தனியாகத் தெரிந்துவிடுவோமோ என்று ஒரு பயம் உண்டே, அது. கரண்டுக்கே பயப்படாத ஆட்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்துவிட்டேன். கூட நிற்கிறவன் சிரித்துவிடுவானோ என்று பயப்படாத ஆளைத்தான் அபூர்வமாகப் பார்த்தேன்.

எனக்கு இந்தப் பயம் பிறந்ததிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் இன்னொரு கை ரசம் கேட்க ஆசையாக இருக்கும். பக்கத்து இலைக்காரர் மோருக்குப் போய்விட்டார் என்றால் நானும் மோர் என்று சொல்லிவிடுவேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்குச் சிரித்தோம் என்று அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்வேன். இப்படிப்பட்ட ஒருவன்தான் டி. கல்லுப்பட்டிப் பக்கம் மின்வாரியத்தில் வயர்மேனாகப் போய்ச் சேர்ந்தான்.

எங்கள் செட்டில் மூன்று பேர். நான், ஹெல்பர் செல்வம், எங்களுக்கு மூத்த வயர்மேன் ஒருவர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. செக்‌ஷன் முழுக்க அவருக்கு அண்ணன் என்றுதான் பெயர்; அவரைவிட வயதில் மூத்தவர்களும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. கம்பத்தில் ஏறினால் ஏணி வைத்த மாதிரி விறுவிறுவென்று போய்விடுவார். சோற்று டப்பாவைத் திறந்தால் முதல் கை எனக்கும் செல்வத்துக்கும்தான். என் மகனுக்குக் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது, லீவு போட்டுவிட்டு வந்து வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர். நான் அடுத்துச் சொல்லப்போகிற விஷயத்தை வைத்து அவரைக் கெட்டவராக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. டிரான்ஸ்பார்மரில் கரண்டை வெட்டிவிட்டு வந்ததும் அவர்தான் முதலில் கம்பம் ஏறுவார். ஏறி, புறங்கையால் கம்பியை ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளங்கையால் தொட்டால், கரண்டு இருந்தால் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும் என்பது கணக்கு. தட்டிவிட்டுக் கீழே பார்த்து, "செத்துருச்சு, வாங்கடா" என்பார். நாங்கள் போவோம். இதைச் செய்யவே கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அது ஒரு கெத்து. புறங்கையால் தட்டத் தெரியாதவன் வயர்மேனா என்று கேட்பார்கள்.

வண்டியில் எர்த் ராடும் இருந்தது. அது உங்களுக்குத் தெரிந்த சாமான்தான்: நீளக் கம்பின் முனையில் கொக்கி, கொக்கியிலிருந்து தரைக்கு ஒரு கனத்த ஒயர், அதன் முனையில் மண்ணில் அடிக்க ஒரு முளை. கம்பியில் அதை மாட்டிவிட்டால், எங்கிருந்தாவது கரண்டு திரும்பி வந்தாலும் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குப் போய்விடும். மாட்டக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் யாரும் மாட்டியதில்லை. மாட்டினால் அண்ணன் கையை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். ராடு வண்டிக்குள் குறுக்காகக் கிடந்தது. மழை நாளில் செல்வம் அதில் ஈரத் துண்டைக் காயப்போடுவான்.

அந்தச் சமயத்தில் பக்கத்துச் செக்‌ஷனில் ஒருவர் கம்பத்திலேயே இறந்துபோனார். என் வயதுதான். லைனை வெட்டிவிட்டு, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். மண்டபத்தில் மாற்றுச் சுவிட்ச் சரியில்லை என்றால் ஜெனரேட்டர் கரண்டு உள்ளே மட்டும் நிற்காமல் தெருக் கம்பிக்கும் வந்துவிடும். அது அவர் கை வைத்த கம்பிக்கு வந்துவிட்டது.

எழவு வீட்டில் சாமியானாவுக்குக் கீழே நாங்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். விதி என்று ஒருவர் சொன்னார், ஆமாம் விதி என்று பத்துப் பேர் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்போது இறந்தவருடைய மனைவி வெளியே வந்தது. சின்னப் பெண். எங்கள் வரிசையைப் பார்த்து, அழாமல், சந்தேகம் கேட்கிற மாதிரியே கேட்டது.

"வெட்டுன லைன்ல எப்படிண்ணே கரண்டு வந்துச்சு?"

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ராடு போட்டிருந்தால் வந்த கரண்டு மண்ணுக்குப் போயிருக்கும் என்பதும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளிடம் சொல்வதற்கு என்ன, கரண்டியையும் தட்டையும் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நீங்க அந்த ராடப் போட்டுட்டுத்தான் ஏறுறீகளா?" என்றாள்.

"யாரும் போடுறதில்ல."

"யாரும்னு கேக்கல. உங்களத்தான் கேட்டேன்."

நாளைக்கே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குப் போடவில்லை, தம்பிகளே. அதற்கடுத்த நாளும் போடவில்லை. வண்டியில் போகும்போதெல்லாம் அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்: அண்ணே, ராடு போட்டுட்டு ஏறுவோமா? கம்பத்தடியில் போய் இறங்கியதும் வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். அண்ணன் திரும்பி, "என்ன மாப்ள?" என்பார். "ஒண்ணுமில்லண்ணே, டீ குடிப்பமா?" என்பேன். அந்த வாரம் முழுக்க எங்கள் செட் குடித்த டீக்கு அளவே இல்லை. செல்வத்துக்கு வயிறே புண்ணாகிப்போனது.

ஒருநாள் எப்படியோ சொல்லிவிட்டேன். அண்ணன் தட்டிப் பார்த்துவிட்டு "வாங்கடா" என்று சொன்ன பிறகு, கீழே இருந்து சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. இறங்கி வந்தார்.

"ஏன் மாப்ள, என் கை பொய் சொல்லுமா?"

"அப்படி இல்லண்ணே…"

"பின்ன எப்படி?"

என் கால் கம்பத்தின் பக்கம் போக மாட்டேன் என்றது. "போட்டாத்தாண்ணே ஏறுவேன்" என்றேன்.

"அப்ப நீ ஏறாத. செல்வம், நீ வா."

செல்வம் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஏறினான். நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது, எல்லோரும் கை காலோடு நல்லபடியாக இறங்கினார்கள், கரண்டு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு ஏதாவது ஆகியிருக்கும், நான் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் வாயடைத்து நின்றிருப்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி நடக்காது. தனியாக நிற்கிற முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. நாம் மட்டும் முட்டாள் மாதிரி நிற்போம். அந்த நாளைத் தாண்டுவதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டம் இல்லை.

மறுநாள் செக்‌ஷன் ஆபீசுக்குள் போனால், என் நாற்காலிக் காலில் ஒரு ஒயரைக் கட்டி, அதை ஜன்னல் வழியாக வெளியே மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். "உக்காருங்க மாப்ள, எர்த் போட்டாச்சு, பயப்படாதீக" என்றார் அண்ணன். ஆபீசே உருண்டு சிரித்தது. அன்றைக்கு விழுந்த பேர்தான் ‘எர்த்து’. கல்லுப்பட்டி டீக்கடையில்கூட, "எர்த்து அண்ணனுக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னால் என் வீட்டுக்காரியும் சிரிக்கிறாள்.

அவமானமாக இருந்ததா என்றால், இருந்தது. வேலையை மாற்றிக்கொண்டு அவனியாபுரம் பக்கம் எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நாற்காலி ஒயருக்கு முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் பாதிப் பேர்தான் சிரித்தார்கள். அதற்கடுத்த நாள், ஒயர் காலைத் தடுக்குகிறது என்று ஆபீஸ் பெருக்க வந்த அம்மாவே அவிழ்த்துப் போட்டுவிட்டது. எதற்கு இத்தனை வருஷம் நடுங்கினேனோ அது இம்புட்டுத்தானா என்று எனக்கே ஆச்சரியம். கேலி பண்ணுகிறவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது. நாம்தான் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் பிடிபட்டது. நான் கேட்ட விதம் தப்பு. அண்ணன் தட்டிய பிறகு போய், போட்டால்தான் ஏறுவேன் என்றால் அது அவரைக் குற்றம் சொல்கிற மாதிரிதானே இருக்கும்? அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். வண்டி நின்றதும் நானே ராடைத் தூக்கிக்கொண்டு போவேன். "நீங்க டீ குடிங்கண்ணே, நான் மாட்டிட்டு வாரேன்" என்பேன். நேரம் ஆகிறது என்று அவர் முறைத்தால், காலையில் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து சாமான்களை வண்டியில் ஏற்றி, அந்த நேரத்தை ஈடுகட்டினேன். அவர் சிரிப்பார், தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. நான் இருக்கும் கம்பத்துக்கு ராடு உண்டு, மற்றதற்கு இல்லை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது.

ஒருநாள் நான் ராடைத் தூக்கிக்கொண்டு போகிறேன், பின்னால் ஒயர் இழுபடவில்லை. திரும்பிப் பார்த்தால் செல்வம் ஒயர் முனையைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

"அண்ணே, எம்பொண்டாட்டி மாசமா இருக்கா. மண்ணுல அடிக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன். அண்ணங்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிராதீக" என்றான், அண்ணனுக்குக் கேட்காத குரலில்.

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது. ஒருத்தன் தனியாக நின்றால் அவன் கிறுக்கன். கூட ஒருத்தன் வந்து நின்றுவிட்டால் அது ஒரு வழக்கம். தம்பிகளே, உங்களுக்கு முதல் ஆளாக நிற்கத் தைரியம் இல்லையா, பரவாயில்லை. இரண்டாவது ஆளாகவாவது போய் நில்லுங்கள். அந்த முதல் ஆளுக்கு அது எம்புட்டுப் பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

இனி ஒரு வைகாசி மாதத்தில் நடந்ததற்கு வருகிறேன்.

கோடை மழை காற்றோடு அடித்து, கரிசல் காட்டில் கம்பங்களைச் சாய்த்துப் போட்டிருந்தது. ஒரு ஊருக்குள் வேப்பமரம் விழுந்து தெருக் கம்பி அறுந்து கிடந்தது. அங்கே நாங்கள் போய்ச் சேரவே மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. மோட்டார் ஓடாமல் ஊர்த் தண்ணீர்த் தொட்டி காலி. குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் ஒரு பக்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் ஒரு பக்கம். எங்களைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். வண்டி ஊருக்கு வெளியிலேயே கரிசல் சேற்றில் மாட்டிக்கொண்டது. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்து வந்திருந்தோம். ராடு வண்டியிலேயே இருந்தது.

டிரான்ஸ்பார்மரில் வெட்டியாயிற்று. அண்ணன் ஏறினார், புறங்கையால் தட்டினார். "செத்துருச்சு" என்றார். புதுக் கம்பியை எடுத்துக்கொள்ளக் கீழே இறங்கி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் கம்பத்தில் கை வைத்தார்.

"அண்ணே, ராடு வரட்டும்" என்றேன்.

"சேத்துக்குள்ள போயி அத யாருடா தூக்கிட்டு வர்றது? ஊரே நிக்கிது பாரு. இன்னைக்கு ஒருநாள் விடு மாப்ள."

"எம்புட்டு நேரம்யா நிப்பீக, ஏறுங்கய்யா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அந்தப் பெரியவரு ஏறுறேங்கிறாரு, இந்தாளு என்ன மறிச்சுக்கிட்டு நிக்கிறான்?" என்று இன்னொன்று. "பயமா இருந்தா இவன எதுக்கு வேலைக்கு வச்சிருக்காய்ங்க?" என்றான் முன்னால் நின்ற ஒரு இளவட்டம். எல்லோரும் சிரித்தார்கள்.

அதுவரைக்கும் என் கம்பத்துக்கு மட்டும்தான் நான் பிடிவாதம் பிடித்திருந்தேன். அன்றைக்கு அவர் ஏறப்போகிறார். அவர் உயிர் அவர் பாடு என்று ஒதுங்கிக்கொள்ளலாம், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. எனக்கு அந்தச் சாமியானாவும் அந்தச் சின்னப் பெண் நின்ற நிலையும் கண்முன்னால் வந்தன. அண்ணனுக்கும் வீட்டில் ஒரு பெண் இருந்தாள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

அண்ணனுடைய பெல்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ராடு வராம உங்கள ஏற விடமாட்டேண்ணே."

ஊர் முன்னாடி, அவ்வளவு பெரிய ஆளை, ஜூனியர் ஒருத்தன் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறான். அவர் முகம் இருண்டுவிட்டது. அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். என் கால் நடுங்கியது. வேட்டி கட்டியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பேண்ட் என்பதால் தப்பித்தேன். கயிற்றை மட்டும் விடவில்லை. அதற்குள் செல்வம் யாரிடமும் எதுவும் கேட்காமல் சேற்றுக்குள் இறங்கி வண்டியைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் இன்ஜினியர் ஏ.இ. போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். "என்னப்பா, எம்புட்டு நேரம் ஆகும்? கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். "சார், எர்த் போட்டுட்டுத்தான் ஏறுவோம். நேரமாகும்" என்றேன். கத்தப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். அவரோ, "சரி. போட்டுட்டே ஏறுங்க. நான் பேசிக்கிறேன்" என்றார். மேலே இருப்பவர்களும் யாராவது முதலில் சொல்லட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

செல்வம் முழங்கால் வரைக்கும் சேறாக ராடைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். "நீ தள்ளு" என்று அண்ணன் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அவரேதான் மாட்டினார். செல்வம் மறுமுனையை மண்ணில் அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. "இதுக்காய்யா இம்புட்டு நேரம்?" என்று அந்த இளவட்டம் மறுபடியும் சிரிப்பு மூட்டினான். அண்ணன் யாரையும் பார்க்காமல் ஏறினார்.

அவர் மேலே போய், பெல்ட்டைச் சுற்றி மாட்டி, கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டும்போது, தெருக்கோடியில் இருந்த சின்ன மண்டபத்தில் மைக் செட் பாட ஆரம்பித்தது. அங்கே ஒரு காதுகுத்து என்றோ, ஜெனரேட்டர் என்று ஒன்று இருக்கிறது என்றோ எங்களுக்குத் தெரியாது. டீசல் தீர்ந்து, வாங்கப் போன ஆள் அப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். பாட்டு ஒரு அடிகூட முடியவில்லை. கொக்கி மாட்டியிருந்த இடத்தில் படீரென்று ஒரு வெட்டு. நீலமாகப் பொறி பறந்தது. அந்தப் பக்கம் பாட்டு இழுத்து, முனகி, நின்றது. ஜெனரேட்டர் அடங்கிவிட்டது.

அண்ணன் கை கம்பிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

அவர் கையை மெதுவாக மடக்கி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். அவ்வளவு மெதுவாக அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. கேலி பேசிய அந்த இளவட்டம்தான் ஓடிப்போய் யார் வீட்டிலிருந்தோ ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் குடித்தார். தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் தட்டுறப்ப செத்துத்தான்டா கெடந்துச்சு" என்றார்.

"ஆமாண்ணே. அப்ப செத்துத்தான் கெடந்துச்சு" என்றேன்.

அதுதான் உண்மையும்கூட. அவர் கை பொய் சொல்லவில்லை. அவர் தட்டிய நேரத்துக்கு அது சரி. அதற்கடுத்த நேரத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அதை நான் முதல் நாளே சொல்லத் தெரிந்து சொல்லியிருந்தால் அவருக்கும் கோபம் வந்திருக்காதோ என்னவோ. செல்வம் மண்டபத்துக்குப் போய் மெயினை இறக்கி, பீஸ் கட்டையைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். அண்ணன் மறுபடியும் ஏறினார். வெயில் சாய்வதற்குள் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குடங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன, எங்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

வண்டியில் திரும்பும்போது, கல்லுப்பட்டி நெருங்கியதும் அண்ணன், "அந்தப் புள்ள அன்னைக்குக் கேட்டுச்சே" என்றார். எந்தப் பிள்ளை என்று நானும் கேட்கவில்லை, செல்வமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு, எழவு நடந்த அந்த வீட்டுக்குப் போனார். அந்தப் பெண் நாற்காலி எடுத்துப் போட்டது. அண்ணன் உட்காரவில்லை. "தாயி, நீ அன்னைக்கு ஒண்ணு கேட்ட. எங்க அம்புட்டுப் பேருக்கும் பதில் தெரியும். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். உன் வீட்டுக்காரன் மேல தப்பே இல்ல. நாங்க எல்லாருமே அப்படித்தான் ஏறுனோம்" என்றார். ராடு என்றால் என்ன, போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அழுதது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எப்படிண்ணே ஏறுவீக?" என்று கேட்டது.

"எர்த் போட்டுட்டுத்தாம்மா" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் ஆபீசில் எல்லா செட்டும் கிளம்பும் நேரத்தில் அவர் வாசலில் நின்றுகொண்டார். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்து, "ராடு இருக்கா? இல்லன்னா எறங்கு" என்றார். கொஞ்ச நாளில் எங்கள் செக்‌ஷனில் கேலி தலைகீழாகிவிட்டது. ராடை மறந்துவிட்டு வந்தவனைத்தான் டீக்கடையில் வைத்துச் செய்வார்கள். தட்டிப் பார்க்கிற புறங்கைப் பழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு மட்டும் ‘எர்த்து’ என்ற பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. என் மகன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில், "எர்த்து மகனாப்பா நீ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவனும் பெருமையாக ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் சர்வீஸில் ராடில் பொறி வெட்டியது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ கம்பங்களில் அது சும்மா தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாளெல்லாம் நான் தப்பு, அந்த ஒருநாள் மட்டும் சரி என்று ஆகாது. நீங்கள் தனியாக நின்று ஒன்றைச் சொல்லி, அன்றைக்கு ஒன்றுமே நடக்காமல் போனால், நாலு பேர் சிரித்தால், வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மறுநாளும் போய் அதையே சொல்லுங்கள். ரசம் வேண்டும் என்றால் ரசம் என்று கேளுங்கள். நான் இப்போது கேட்கிறேன். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு ரசம் இரண்டு தடவை வரும்.

போன மாதம் அண்ணன் பேத்திக்குக் காது குத்தினார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளே, அந்த மகளுடைய பெண் குழந்தை. பெரிய மண்டபம். அண்ணனுக்கு இப்போது மீசை வெளுத்துவிட்டது, காதும் கொஞ்சம் மந்தம். என்னைப் பார்த்ததும், "எர்த்து வந்துட்டாப்ள, பந்தியப் போடுங்கப்பா" என்று சத்தம் போட்டுக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இலையில் கை வைத்திருப்போம், மண்டபத்தில் கரண்டு போய்விட்டது. ஃபேன் நின்றது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். உடனே பின்பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, ஃபேன் சுற்றியது. பந்தியில் எல்லோரும் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிடவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. காது மந்தமான மனிதருக்கு அந்த ஜெனரேட்டர் சத்தம் மட்டும் எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

"இந்நேரம் எவனாச்சும் கம்பத்துல இருப்பான்ல?" என்றார்.

"இருப்பாண்ணே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எர்த் போட்டுருப்பாய்ங்கல்ல?"

உங்களில் யார் அன்றைக்குக் கம்பத்தில் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. "போட்டுருப்பாய்ங்கண்ணே, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பிக்கையோடு சோற்றைப் பிசைந்தார். தம்பிகளே, உங்களை நம்பித்தான் சொன்னேன்.